பாராட்டும் அது படுத்திய பாடும்: உப்புவெளிக்கு அப்பால் ஒரு கடலுணவுக்கடை பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போகும்போது, உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பொதுநலவாயப் போர் மயானத்தைத் தாண்டியதும், வலது கைப்பக்கமாகக் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பல வரும். அவற்றுள் ஒன்றில், சாம்பல்தீவு வருவதற்கு முன்னரே, கிடுகுப் பந்தல் இறக்கிய வீடொன்றின் முன்விறாந்தையில் மதியச் சாப்பாடு மட்டும் விற்கும் கடையொன்று இருக்கிறது. ஆறு மேசைகள், பின்புறம் இரண்டு விறகடுப்புகளும் ஒரு காஸ் அடுப்பும், வாசலில் ஒரு கரும்பலகை. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று கடையை நடத்தும் அக்கா கேட்டுக்கொண்டார். அவர் அப்படிக் கேட்டதற்கான காரணமே இந்த ஆய்வின் பொருளும் ஆகும்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும் வேலையில் காலம் கழித்தவன் நான். அந்தக் கடையில் வாடிக்கையாகச் சாப்பிடுகிறவனும் கூட. அக்காவின் கணவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், ஒவ்வொரு நாளும் வாங்கிய மீனையும் கொடுத்த காசையும் பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறார். வரவு செலவைச் சரிபார்த்துத் தரும்படி அவர் கேட்டபோது அந்தக் கொப்பிகளை முதன்முறையாகப் புரட்டினேன். ஒரு சிறு கடை பெரும் பாராட்டைப் பெற்று, அந்தப் பாராட்டினாலேயே நிலைகுலைந்து, பிறகு மெல்ல மீண்டெழுந்த கதை முழுவதும் அந்தக் கொப்பிகளில் மீனின் பெயராகவும் விலையாகவும் பதிந்திருந்தது. இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கடையின் தொடக்ககால முறையை விளக்கினால்தான் பின்னர் நடந்தது விளங்கும். அக்கா சல்லிப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். கறியை எப்படிக் காய்ச்சுவது என்பதற்கு முன்னர் மீனை எப்படி வாங்குவது என்பதை அறிந்துகொண்டவர். காலையில் கரைவலை இழுத்து முடியும் நேரத்துக்குக் கரையில் நிற்பார். கரைவலையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்வதானால், வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் வளைந்து சென்று வலையை இறக்கி, மறுபக்கக் கயிற்றோடு கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு அணியாகப் பிரிந்து நின்று, அம்பா என்னும் இழுவைப் பாட்டைப் பாடிப் பாடி, மணிக்கணக்காக இழுத்து, மீன் சேரும் பையான மடியைக் கரையேற்றுவார்கள். அந்த மடியில் என்ன வரும் என்பதை முன்கூட்டியே எவராலும் சொல்ல முடியாது. சூடை வரும், கீரி வரும், நெத்தலி வரும். சில நாள் பாரைக் கூட்டம் ஒன்று அகப்படும். சில நாள் காரலும் கணவாயும் கலந்து வரும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் மட்டுமே வரும் நாளும் உண்டு. மணலில் கூறு போட்டு விற்பார்கள். அக்கா முதலில் கண்ணைப் பார்ப்பார், பிறகு செவுளைத் தூக்கிப் பார்ப்பார். செவுளைக் கரையில் பூ என்பார்கள். பூ சிவந்திருக்க வேண்டும், கண் குழிவிழாமல் இருக்க வேண்டும், விரலால் அழுத்திய இடத்தில் பள்ளம் நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் அவர் பார்ப்பார். டைனமைட் வீசி மீன் பிடிப்பது சட்டவிரோதமானது என்றாலும், இந்தக் கரையோரத்தில் அந்தக் கொடுமை அற்றுப்போய்விடவில்லை. வெடியில் செத்த மீனின் முள்ளந்தண்டு முறிந்திருக்கும், வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும், சதை சீக்கிரம் குழைந்துவிடும். மீனை வாலில் பிடித்துத் தூக்கினால் நடு முள் உடைந்ததைக் கை உணரும். அப்படிப்பட்ட மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அவர் தொடமாட்டார். வெடிமீன் என்று ஐயப்பட்டு வாங்காமல் திரும்பிய நாள்களையும் அண்ணன் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். அந்த நாள்களில் செலவு நிரலில் மரக்கறியும் பருப்பும் முட்டையும் மாத்திரமே இருக்கின்றன.

வாங்கிய பிறகுதான் சமையல் முடிவாகும். சூடை கிடைத்தால் பொரியலும் பழப்புளி விட்ட குழம்பும், காரல் கிடைத்தால் சொதி, சின்னச் சுறா கிடைத்தால் வறை, பாரை கிடைத்தால் மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட கறி, கணவாய் கிடைத்தால் அதன் மையை அகற்றிப் பிரட்டல். எட்டரை ஒன்பது மணிக்குக் கரும்பலகையில் அன்றைய கறிகள் எழுதப்படும். சட்டி காலியானதும் கடை மூடப்படும், பெரும்பாலும் இரண்டு மணிக்குள். நேற்றைய விற்பனைக் காசுக்குள்ளேயே இன்றைய மீனை வாங்குவது என்பது அண்ணனின் கட்டுப்பாடு. கடன் இல்லை, சேமித்து வைத்த மீனும் இல்லை. நண்டு கொப்பியில் கிழமைக்கு ஒரு தடவை வரும், சில கிழமைகளில் வராது. கொட்டியாரக்குடாவிலும் தம்பலகாமக் குடாவிலும் பிடிபட்டு, கிண்ணியாப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் கொண்டுவரும் நண்டு அது. கனமாக இருந்தால் வாங்குவார்கள், சதையில்லாத கோது நண்டு என்றால் அவரை வெறுங்கையோடு அனுப்புவார்கள்.

இவ்விடத்தில் பருவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னர் எழுந்த பாராட்டுகளில் பெரும்பாலானவை பருவத்தை அறியாமல் எழுதப்பட்டவை. தெற்கும் மேற்கும் மழையில் நனையும் மே முதல் செப்டம்பர் வரையான சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து இந்தப் பக்கக் கரைகளில் வாடி அமைத்துத் தங்குவதும், நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் உல்லாசப் பயணிகள் வந்து நிறைவதும் அந்த மாதங்களில்தான். வாடைக்காற்று தொடங்கி மழை கொட்டும் மாதங்களிலோ திறந்த கடலுக்குச் சிறு வள்ளங்கள் இறங்க முடியாத நாள்கள் அடுக்கடுக்காக வரும். ஆனால் குடாக்களுக்குள் ஆற்றுநீர் பாய்கிற அந்த மாதங்களில்தான் இறாலும் நண்டும் நன்றாகப் படும் என்பது கிண்ணியாத் தொழிலாளர்களின் அனுபவம். சுருக்கமாகச் சொன்னால், பயணிகள் கூட்டமாக வரும் காலம் சூடைக்கும் பாரைக்கும் சூரைக்கும் உரிய காலம். நண்டுக்கு உரிய காலத்தில் பயணிகள் இல்லை. இதற்கு மேலாக மாதத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் தொழிலில் நிலவுகாலத்தில் மீன் குறையும். நிலவுகாலத்து நண்டில் சதை இராது என்று கரையில் உறுதியாகச் சொல்வார்கள்.

இனிப் பாராட்டு வந்த விதம். முதலில் வந்தவர்கள் அயலவர்கள்: பாடசாலை ஆசிரியர்கள், கச்சேரி உத்தியோகத்தர்கள், முச்சக்கரவண்டிக்காரர்கள், பார்சல் கட்டுவிக்கும் மேசன்மார். அவர்கள் எதையும் எழுதவில்லை. கரும்பலகையைப் பார்த்துவிட்டு உட்காருவார்கள் அல்லது நாளைக்கு வருகிறேன் என்று போவார்கள். அடுத்ததாகப் பயணிகளின் இணையத்தளங்களில் ஓரிரு வரிக் குறிப்புகள் வந்தன. அதன் பிறகுதான், தற்செயலாக நண்டு சமைத்த ஒரு நாளில் வந்து சாப்பிட்ட வெளிநாட்டுப் பயண எழுத்தாளர் ஒருவர் ஆங்கிலத்தில் நீளமாக எழுதினார். முருங்கையிலை போட்டு, வறுத்து இடித்த தூளும் இரண்டாம் பாலும் விட்டு மண்சட்டியில் காய்ச்சிய அந்தக் கறியை அவர் நேர்மையாகவே வியந்து எழுதியிருந்தார். படங்களும் நன்றாக இருந்தன. கரும்பலகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அங்கே நண்டு எப்போதும் கிடைக்கும் என்ற எண்ணத்தோடுதான் வாசித்தவர்கள் அதை மூடியிருப்பார்கள். அதைத் தொடர்ந்து புலம்பெயர்ந்த நம்மவர்கள் சிலர் யூடியூபில் அதே நண்டைத் தேடி வந்து படம் பிடித்தார்கள்.

அதே காலத்தில் நாட்டுக்கே பயணிகள் வரவு பெருகியிருந்தது. அதன் உச்சமாக, 2018 அக்டோபரில், பயண வழிகாட்டி நூல்களை வெளியிடும் லோன்லி பிளனட் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பார்க்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் இலங்கையை முதலிடத்தில் வைத்தது. இந்தப் பெருக்கை நம்பி, அதற்கு முன்பிருந்தே உப்புவெளியில் ஒவ்வொருவரும் அறை கட்டினார்கள், மேசை போட்டார்கள். அக்காவின் கடையும் அந்த ஓட்டத்தில் சேர்ந்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வாசலில் வந்து நின்று, கொழும்பிலிருந்து இதற்காகவே ஏழு மணித்தியாலம் பிரயாணம் செய்தோம் என்று சொல்கிறவர்களுக்கு, இன்றைக்கு நண்டு இல்லை, சூடைதான் இருக்கிறது என்று சொல்வதற்கு மிகுந்த மனத்திடம் வேண்டும். அவர் பல நாள் சொன்னார். பிறகு சொல்ல முடியாமல் போயிற்று.

கொப்பிகளில் அந்த மாற்றம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. முதலில் நண்டுக்காகத் தரகர் ஒருவருக்கு முற்பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அன்றன்றைய காசுக்கு வாங்கும் கட்டுப்பாடு முதன்முறையாக அங்கே உடைந்தது. இலங்கைக் களப்பு நண்டு சிங்கப்பூரில் பேர் பெற்ற சரக்கு. கனத்த முதல் தர நண்டு ஏற்றுமதிக்கும் கொழும்பின் பெரிய உணவகங்களுக்கும் போய்விடும். ஒழுங்கைக் கடைக்கு நாள் தவறாமல் நண்டு வேண்டுமென்றால், கிடைப்பது கால் உடைந்ததும் ஓடு மாற்றி இன்னும் சதை பிடிக்காததும்தான். அடுத்து ஆழ் உறைவிப்பான் ஒன்று வாங்கப்பட்டது. பிறகு நான்கு மேசைகள் கூடின. ஆறு மேசைக்கு வீட்டில் வறுத்து இடித்த தூள் பத்து மேசைக்குப் போதாததால், ஆலைத் தூள் வந்தது. நண்டில் காசு முடங்கியதால் கரையில் சூடைக்கும் காரலுக்கும் கொடுக்கக் கையில் பணம் இல்லை. இரண்டு மாதம் கரைக்குப் போகாதிருந்தபின் போனபோது, முதல் கூறை அவருக்கென்று ஒதுக்கி வைத்த சம்மாட்டி, அதாவது வலையின் உரிமையாளர், அதை வேறு ஒருவருக்குப் பழக்கப்படுத்தியிருந்தார். கரையில் அந்த முதல் கூறு பெரிய விடயம். அதை வாங்கும் உரிமைக்குச் சட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. நாள்தோறும் போய் நின்று, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வாங்கியே அது சம்பாதிக்கப்படுகிறது.

விலையும் ஏறியது. அதனால் ஆசிரியர்களும் முச்சக்கரவண்டிக்காரர்களும் நின்றுபோனார்கள். நானும் சில மாதங்கள் போகவில்லை. கறியின் மாற்றத்தை நாங்கள் நாவில் உணர்ந்தோம், ஆனால் எவரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அக்காவிடம் நேரில் சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஆய்வில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது அடுத்து நடந்ததைத்தான். நல்ல மீன் குறைந்து, தூள் மாறி, நண்டு கோதாகிப்போன அதே மாதங்களில் தளங்களில் கடைக்கு விழுந்த நட்சத்திரங்கள் குறையவில்லை. எண்ணிக்கையில் கூடவே செய்தன. வருகிறவர் ஒரு தடவை வருகிறார். முன்னர் அந்த நண்டு எப்படி இருந்தது என்று அறியாதவர். நல்லது என்று வாசித்த நம்பிக்கையோடு நாவை வைக்கிறார், பந்தலும் கடற்காற்றும் அக்காவின் உபசரிப்பும் சேர்ந்து ஐந்து நட்சத்திரம் போடுகிறார். கறியை ஆண்டுக்கணக்காகத் தின்று, தேய்மானத்தை அறிந்தவர்களோ எழுதுகிற பழக்கம் இல்லாதவர்கள். ஆகவே கடை நடத்துகிறவருக்கு எச்சரிக்கை தர வேண்டிய அளவுகோல், கெடுதல் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் எல்லாம் நலம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கொப்பியில் வரவும் கூடியிருந்தது. ஆனால் செலவு அதைவிட வேகமாகக் கூடியதை அவர் கூட்டிப் பார்க்கவில்லை.

எச்சரிக்கை வேறு வடிவில் வந்தது. சீசன் உச்சத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நண்டும் போதாமல் போகவே, அக்கா தரகரிடமிருந்து சூரை மீன் வாங்கினார். கரையில் வாங்கியிருந்தால் அது எப்போது பிடிபட்டது, எந்த வள்ளத்தில் வந்தது என்று கேட்டிருப்பார். தரகர் கொண்டுவந்த பெட்டியில் மேலே ஐஸ் இருந்தது. அதற்கு முன் அந்த மீன் எத்தனை மணித்தியாலம் வெயிலில் கிடந்தது என்பது எவருக்கும் தெரியாது. மணமும் கெட்டிருக்கவில்லை. அன்று மதியம் சாப்பிட்ட ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு அரை மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடித்துச் சொறியத் தொடங்கியது. அண்ணன் தன்னுடைய வாகனத்திலேயே அவர்களை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். மாலைக்குள் குணமாகி அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

அது மீன் ஒவ்வாமை என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு வந்து பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பொறுமையாக விளக்கினார். சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே மிகுதியாக உண்டு. பிடித்த மீன் சூட்டில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். உடம்பில் ஒவ்வாமை எழும்போது சுரக்கும் பொருளும் அதுவே என்பதால் அறிகுறிகளும் ஒன்றுபோல இருக்கும். ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினைக் கொதிக்க வைப்பதும் அழிக்காது, உறையவைப்பதும் அழிக்காது. மூக்கால் முகர்ந்தும் பல வேளை அறிய முடியாது. ஆகவே சமையலறையில் எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் பயன் இல்லை. பிடிபட்ட கணத்திலிருந்து மீனை நான்கு பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர வைத்திருப்பது ஒன்றுதான் காவல். எங்கள் வெப்பத்தில் அதற்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவிலாவது வேண்டும், அதுவும் மேலே தூவுவதாக அல்லாமல் மீனுக்கு இடையிடையே அடுக்கப்பட வேண்டும்.

சூடையிலும் அதே ஹிஸ்டிடின் உண்டே, இத்தனை வருடம் சூடை சமைத்தும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியில்தான் முழு விடையும் இருந்தது. அவர் சூடையைக் கரைவலை மடியிலிருந்து துடிக்கத் துடிக்க வாங்கி, ஒன்பது மணிக்குச் சட்டியில் ஏற்றி, இரண்டு மணிக்குள் விற்று முடித்தவர். மீனுக்கும் தட்டுக்கும் இடையில் சில மணித்தியாலங்களே இருந்தன, அந்த மணித்தியாலங்களின் கணக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடையின் பாதுகாப்பும் சுவையும் அந்தக் குறுகிய நேரத்திலிருந்தே வந்தன. பாராட்டியவர்கள் சட்டியை மட்டுமே பார்த்தார்கள். அக்காவும் அவர்களைப் போலவே சட்டியில்தான் தன் திறமை இருப்பதாக நம்பத் தொடங்கி, காலையில் கரையில் நிற்பதை விட்டுவிட்டார்.

உலகத்தின் பெரிய உதாரணங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பாங்கொக்கில் நண்டு முட்டைப் பொரியலுக்குப் பெயர் பெற்ற ஜெய் ஃபாய் என்ற தெருவோரச் சமையற்காரப் பெண்மணிக்கு 2017 டிசம்பரில் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. கூட்டமும் நெருக்கடியும் தாங்க முடியாமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று எண்ணுவதாகப் பிறகு அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் அவர் தன் அடுப்பை மற்றவர் கையில் விடவில்லை. சிங்கப்பூரின் அங்காடிக் கடையொன்று சோயாச் சாற்றுக் கோழிச் சோற்றுக்காக 2016இல் நட்சத்திரம் பெற்று, கிளைகள் பல திறந்து, 2021இல் அதை இழந்தது. நம் நாட்டிலேயே, கொழும்பின் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் திறக்கப்பட்ட மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகம், உறைவிப்பானே வைத்திருப்பதில்லை என்பதைத் தன் கொள்கையாக அறிவித்து, ஆசியாவின் முதல் ஐம்பது உணவகங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மூலதனமும் கொள்வனவுப் பலமும் உள்ள இடத்தில் அந்தக் கொள்கையோடு நாள்தோறும் நண்டு கொடுக்க முடியும். ஆறு மேசைக் கடைக்கு அந்தக் கொள்கையைக் காக்க ஒரே வழி, இல்லாத நாளில் இல்லை என்று சொல்வதுதான்.

சூரை மீன் சம்பவத்துக்குப் பிறகு கடை மூன்று கிழமை மூடியிருந்தது. திறந்தபோது மேசைகள் மறுபடியும் ஆறாகியிருந்தன. அக்கா கரைக்குப் போகத் தொடங்கினார். முதல் கூறு உடனே கிடைத்துவிடவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக, மற்றவர்கள் எடுத்த பின் எஞ்சியதை வாங்கினார், நெத்தலி மட்டுமே கிடைத்த நாளில் நெத்தலியை வாங்கினார். சம்மாட்டி ஒரு நாள் தானாகவே, “பிள்ளை, நாளைக்கு வெள்ளெனவே வா” என்று சொன்னதாக அண்ணன் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். வரவு செலவுக் கொப்பியில் எண்கள் இல்லாத ஒரே வரி அதுதான். ஆழ் உறைவிப்பானில் இப்போது ஐஸ் மட்டும் இருக்கிறது. சோளகத்தில் பாரை மலிந்து விலை விழும் நாள்களில் கூடுதலாக வாங்கி, உப்பும் கொறுக்காப்புளியும் இட்டு ஊறவைத்துச் சாடி போடுகிறார், கருவாடும் போடுகிறார். சேமிக்க வேண்டுமென்றால் இந்தக் கரை கற்றுக்கொடுத்த விதத்தில் சேமிப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

பின்விளைவு இரண்டு வகையாக அமைந்தது. தளங்களில் மதிப்பெண் விழுந்தது. நண்டு இல்லை என்று ஏமாற்றினார்கள், இரண்டு மணிக்கே மூடிவிட்டார்கள், மெனு அட்டை இல்லை என்று எழுதினார்கள். கறி நல்லபடியாகத் திரும்பிய அதே மாதங்களில் நட்சத்திரம் குறைந்துகொண்டு போனது. மறுபுறம் அயலவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வருகையின் பெறுமதி அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் தெரிந்தது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உப்புவெளியின் அறைகள் வெறுமையாயின. 2020இல் கொரோனா முடக்கம் வந்தது. 2022இல் காஸ் இல்லை, எரிபொருள் இல்லை, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. உறைவிப்பானில் மீன் நிறைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நாள்களில் ஏற்பட்ட இழப்பை நான் அயலில் கண்டேன். அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் பல கரையில் ஏற்றி வைக்கப்பட்டன. தூரம் ஓடத் தேவையில்லாத கரைவலை அப்போதும் இழுக்கப்பட்டது. கரைவலையில் முதல் கூறு வைத்திருந்த கடை, விறகடுப்பில், அயலவர்களுக்கு, பெரும்பாலும் பார்சலாக, சமைத்துக்கொண்டே இருந்தது. வரவு குறைந்துதான் இருந்தது. ஆனால் கடன் இருக்கவில்லை.

இரண்டாவதாக ஒரு பாராட்டும் வந்தது, அதையும் பதிவு செய்வது நியாயம். பயணிகள் மறுபடி வரத் தொடங்கிய பின், உப்புவெளியில் பத்து நாள் தங்கியிருந்த ஒருவர் கடைக்கு ஐந்து தடவை வந்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு, காலையில் கரைக்கு வரலாமா என்று கேட்டு, அக்காவோடு போய் வலை இழுப்பதைப் பார்த்தார், கயிற்றிலும் கை வைத்தார். பிறகு அவர் எழுதியதில் நண்டு ஒரு வரியில் மட்டுமே வருகிறது. சூடைப் பொரியலும், காரல் சொதியும், சொறி மட்டும் வந்த ஒரு நாளில் கிடைத்த பருப்பும் கருவாட்டுக் குழம்பும்தான் அதிகம். கடை எந்த மாதத்தில் எதைக் கொடுக்கும், எந்த நேரத்துக்கு வர வேண்டும், கரும்பலகையில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. வாசித்துவிட்டு வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

பெரிய நகரங்களின் பத்திரிகைகளில் உணவு விமர்சகர் தன் பெயரை மறைத்து, ஒரே இடத்துக்குப் பல தடவை போன பிறகே எழுதுவது மரபாக இருக்கிறது. தமிழில் நமக்கு அந்த மரபு இன்னும் உருவாகவில்லை. நாடகத்துக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம், மீன்கறிக்கு எழுதுவது ஒரு படி கீழான வேலை என்று நினைக்கிறோம். ஆனால் பூவைத் தூக்கிப் பார்த்து ஒரு பார்வையில் மீனின் வயதைச் சொல்லும் பெண்கள், தூள் மாறியதை முதற் கவளத்தில் அறியும் மேசன்மார், நிலவையும் காற்றையும் கொண்டு நாளைய வரத்தைக் கணிக்கும் சம்மாட்டிகள் இருக்கிற கரை இது. இங்குள்ள தீர்ப்புகள் கூர்மையானவை, வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகின்றன. அவற்றை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. வெளியூர் எழுத்தாளர் வந்து ஒரு நாள் சாப்பிட்டு எழுதுவதே இந்தக் கடைகளின் ஒரே பதிவாக இருப்பது நமக்கு அழகல்ல. எழுதும்போது நாங்களும் மாதத்தைக் குறிப்பிட வேண்டும், எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும், கறி கெட்டால் கெட்டது என்று முதலில் அடுப்படிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டதற்குக் காரணமும், பெயரை வாசித்து வருகிறவர் பலகையை வாசிப்பதில்லை என்ற அவருடைய அனுபவம்தான்.

இதை எழுதுவதற்காகக் கடைசியாகப் போனது மார்கழியில். மூன்று நாளாக வாடை அடித்துக்கொண்டிருந்தது, கரையில் வள்ளங்கள் தென்னையடி வரை ஏற்றப்பட்டிருந்தன, வலை எதுவும் இறங்கவில்லை. கிண்ணியாக்காரர் அன்று நண்டு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் கையில் கனத்தது, அதனால் அக்கா அத்தனையையும் வாங்கிவிட்டார். வெளியூர்க்காரர் ஒருவரும் இல்லை. பலகையில் நண்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை என்று எழுதியிருந்தது. மேசைகளில் ஆசிரியர்கள் இருவரும், மழைக்கு ஒதுங்கிய முச்சக்கரவண்டிக்காரர் மூவரும், மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மேசனும், நானுமாக இருந்தோம். ஒன்றேகாலுக்கு நண்டுச் சட்டி காலியானது. அண்ணன் எழுந்து போய்ப் பலகையில் அந்த வரியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தார்.